பறக்கவிடும் முன் பத்து நிமிடம்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் என்னுடைய ரேடியோ விமானத்தைக் காட்சிக்கு வைத்திருந்தேன். அதைச் சுற்றி நின்ற பிள்ளைகள் பலர், "தாத்தா, எங்களுக்கும் கற்றுக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்கள். பெற்றோர் சிலரோ என்னைத் தனியே அழைத்து, "சார், இதில் ஆபத்து ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்கள். இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பாளி அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பெட்டிகள் பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியில் உள்ள புத்தலப்பட்டில் வசித்து வருகிறேன். சுற்றிலும் மாந்தோப்புகள். கோடையில் தண்ணீர் வற்றிய ஏரி, இங்குள்ளோர் பேச்சில் "செருவு", எனக்கு விமானத் தளமாகிவிடும். சிறு வயதில் காசில்லாமல் கைவிட்ட ஆசையை அறுபதுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ரேடியோ விமானம் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்கு இரண்டு வரி. தெர்மாகோல் போன்ற நுரைப் பலகையிலோ பால்சா என்னும் இலேசான மரத்திலோ செய்த சிறு விமானம் அது. உள்ளே ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, சைகையை வாங்கும் ரிசீவர், இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் சர்வோ என்னும் சிறு மோட்டார்கள். நம் கையில் இரண்டு குச்சிகள் கொண்ட டிரான்ஸ்மிட்டர். நாம் தரையில் நின்றபடி குச்சியை அசைக்க, விமானம் மேலே திரும்புகிறது. பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள்தான். ஆனால் அது விளையாட்டுப் பொருள் அல்ல என்பதை ஒரு கோடைக் காலையில் நான் கற்றுக்கொண்டேன்.

செருவில் நடந்தது

என்னிடம் அப்போது இரண்டு விமானங்கள் இருந்தன. இக்காலத்து டிரான்ஸ்மிட்டரில் ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய அமைப்புகளைத் தனித்தனிப் பெயரில் சேமித்து வைக்கலாம். இரண்டாவது விமானத்தில் சர்வோக்களை நான் எதிர்ப்புறமாகப் பொருத்தியிருந்ததால், அதன் பெயரில் குச்சியின் திசையையும் மாற்றி வைத்திருந்தேன். முந்திய நாள் மாலை வீட்டில் அந்த இரண்டாவது விமானத்தைச் சரிபார்த்துவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். மறுநாள் காலை செருவுக்கு எடுத்துச் சென்றதோ முதல் விமானம். டிரான்ஸ்மிட்டரில் பெயரை மாற்றவில்லை. எந்தப் பெயரில் இருந்தாலும் விமானம் கீழ்ப்படியும் வகையைச் சேர்ந்தது என் செட்.

நான் சோதிக்காமல் பறக்கவிட்டேன் என்று எண்ண வேண்டாம். சோதித்தேன். குச்சியை இடமும் வலமும் ஆட்டினேன். இறக்கையில் உள்ள ஏலரான் மடிப்புகள் அசைந்தன. "அசைகிறது, சரி" என்று விட்டுவிட்டேன். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கவில்லை.

விமானம் தரையை விட்டு எழுந்தது. இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்துவதற்காக வலப்பக்கம் கொடுத்தேன். மேலும் சாய்ந்தது. இன்னும் கொடுத்தேன். கவிழ்ந்தே விட்டது. மூன்று நான்கு வினாடிகளுக்குள் கரையோர வேப்ப மரத்தடியில் மோதி நொறுங்கியது. அந்த மரத்தடியில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் காலிலிருந்து இரண்டு கஜ தூரத்தில் புரொப்பெல்லர் மண்ணில் குத்திக்கொண்டு நின்றது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது என் கைகால்கள் நடுங்கின. அவனோ எழுந்து நின்று, "தாத்தா, அதி மீ மாட்ட வினலேதா?" என்று கேட்டான். உங்கள் பேச்சை அது கேட்கவில்லையா என்பது பொருள். "கேட்டதப்பா, நான்தான் தலைகீழாகச் சொல்லிவிட்டேன்" என்று அவனுக்குத் தெலுங்கில் பதில் சொன்னேன்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் விமானத்தின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10 மீட்டர் உயரத் தென்னை மரத்திலிருந்து மட்டையோடு விழும் முற்றிய தேங்காய்க்குச் சமம். போதாததற்கு முன்னால் சுழலும் கத்தி வேறு. தென்னை மரத்தடியில் பிள்ளைகளை உட்கார வேண்டாம் என்று சொல்கிற நாம், இதற்கு மட்டும் எப்படி அலட்சியமாக இருக்கலாம்?

ரயிலில் கற்றது

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. இதே பாடத்தை 36 ஆண்டுகள் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ரயில் வண்டி புறப்படுமுன் பிரேக்கைச் சோதிப்பார்கள். இன்ஜினில் பிரேக் குழாயின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்று அளவி காட்டினால் மட்டும் போதாது. நடுவில் ஏதேனும் ஒரு பெட்டியின் குழாய் அடைப்பான் மூடியிருந்தால், அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு பிரேக்கே கிடையாது. இன்ஜினில் உள்ளவருக்கோ எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆகவேதான் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு (2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கிறார்கள்) தம் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைப்பார். அது இன்ஜின் அளவியில் தெரிய வேண்டும். சோதனை என்பது கைப்பிடி இருக்கும் இடத்தில் முடிவதல்ல. வேலை நடக்க வேண்டிய கடைக்கோடியில் முடிவது. நான் என் கையிலிருந்த குச்சியைச் சோதித்தேனே தவிர, இறக்கை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவில்லை.

மூன்று வகைத் தவறுகள்

என் மனத்தைத் தேற்றிக்கொள்வதற்காகவோ என்னவோ, பெரிய விமானங்களில் இப்படி நடந்தது உண்டா என்று தேடிப் படித்தேன். புறப்படுமுன் நேரும் தவறுகள் மூன்று வகை என்று புரிந்தது.

முதல் வகை மறதி. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ரைட் ஃபீல்டு தளத்திலிருந்து போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு இன்ஜின் விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. தரையில் நிற்கும்போது காற்றில் வால் மடிப்புகள் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்க மறந்துவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி, விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ஹில், ராணுவத்தின் தேர்ந்த விமானி. அவரும், போயிங் நிறுவனத்தின் விமானி லெஸ்லி டவரும் காயங்களால் உயிரிழந்தனர். இதற்குப் பிறகு விமானிகளுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலோடு அதே வகை விமானம், பி-17 என்ற பெயரில், 12,000க்கும் மேல் தயாராகிப் பறந்தது.

இரண்டாம் வகை, பார்த்தும் பாராமை. 2018 நவம்பர் 11 அன்று ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 விமானம் ஒன்று, பராமரிப்பு முடிந்து போர்ச்சுக்கல் நாட்டின் அல்வெர்காவிலிருந்து புறப்பட்டது. ஏலரான்களை இயக்கும் கம்பிவடங்கள் மாற்றிப் பூட்டப்பட்டிருந்தன. பராமரித்தவர்களும் கண்டுபிடிக்கவில்லை, புறப்படுமுன் சோதித்த விமானிகளும் கண்டுபிடிக்கவில்லை. வானில் ஏறியதும் விமானம் சொன்னதற்கு எதிராகச் சாய்ந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் பெரும் போராட்டத்துக்குப் பின் பேஜா விமானத் தளத்தில் உயிரோடு இறங்கியது அவர்கள் திறமையும் அதிர்ஷ்டமும். செருவில் நான் செய்த தவறும் இதே வகைதான். அவர்களுக்குத் திருத்திக்கொள்ள உயரம் இருந்தது, எனக்கு இல்லை.

மூன்றாம் வகை, தெரிந்தும் துணிதல். இதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே, இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது. 1979 ஆகஸ்டு 10 அன்று இந்தியாவின் முதல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ஏவப்பட்டது. உயரம் 23 மீட்டர், எடை 17 டன். திட்ட இயக்குநர் நம் அப்துல் கலாம். கிளம்புமுன்னே இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு இருந்தது. கணினி எச்சரித்து நிறுத்தியது. இருப்பு போதுமானது என்று நிபுணர்கள் கூற, கணினியை ஒதுக்கிவிட்டு ஏவும் முடிவைக் கலாம் எடுத்தார். இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழக்க, 317 வினாடிகளில் பயணம் முடிந்து, ராக்கெட் 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. இதைக் கலாம் ஒருபோதும் மறைக்கவில்லை. மேடைகளில் மாணவர்களிடம் தாமே எடுத்துச் சொல்லி வந்தார். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இம்மூன்றிலும் ஈடுபட்டவர்கள் அறியாதவர்கள் அல்லர். அத்துறையில் மிகச் சிறந்தவர்கள். புதிதாகக் கற்பவன் பயத்தோடு நான்கு முறை பார்க்கிறான். பழகியவன்தான் "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று தாண்டிப் போகிறான். ஆகவே சோதனைப் பட்டியல் விமானத்துக்காக மட்டும் அல்ல. நம்முடைய பழக்கத்துக்கும் அவசரத்துக்கும் போடும் கடிவாளம்.

என் பட்டியல்

இப்போது நான் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கும் பட்டியலைத் தருகிறேன். மொத்தம் பத்து நிமிடம்தான் ஆகும்.

1. பேட்டரி. நான் பயன்படுத்துவது மூன்று அறைகள் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி. முழுதாக ஏறியிருந்தால் அறைக்கு 4.2 வோல்ட் வீதம் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அளந்து பார்க்காமல் "நேற்றுதானே ஏற்றினேன்" என்று நம்பக் கூடாது. உப்பியிருந்தால் பயன்படுத்தவே கூடாது. டிரான்ஸ்மிட்டரின் பேட்டரிக்கும் இதே அக்கறை வேண்டும்.

2. இறக்கை, வால், கீல்கள். இறக்கையைப் பிடிக்கும் திருகுகளை அல்லது ரப்பர் வளையங்களைப் பார்க்கவும். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் மெதுவாக இழுத்துப் பார்க்கவும். சர்வோவிலிருந்து வரும் கம்பியின் கொக்கி நன்றாகப் பூட்டியிருக்க வேண்டும்.

3. எடைச் சமநிலை. பேட்டரியை அதன் இடத்தில் வைத்த பிறகு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பார்க்கவும். அகலம் 24 சென்டிமீட்டர் என்றால், 6 முதல் 8 சென்டிமீட்டருக்குள். விமானம் மட்டமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் அன்று பறக்கவிட வேண்டாம். பேட்டரியை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்த பிறகே மற்றது.

4. டிரான்ஸ்மிட்டரில் உள்ள பெயர். திரையில் உள்ள பெயரும் தரையில் உள்ள விமானமும் ஒன்றா? என் பட்டியலில் இந்த வரி மட்டும் சிவப்பு மையில் உள்ளது.

5. இயக்கும் வரிசை. முதலில் மோட்டார் குச்சி அடிமட்டத்தில். பிறகு டிரான்ஸ்மிட்டர். அதன் பிறகே விமானத்தின் பேட்டரி. அணைக்கும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் விமானம், கடைசியில் டிரான்ஸ்மிட்டர். பேட்டரியை இணைத்த நொடி முதல் மோட்டார் ஓடுவதாகவே கருதி, புரொப்பெல்லருக்கு நேராகவோ பக்கத்திலோ கை முகம் வைக்கக் கூடாது.

6. திசை. விமானத்துக்குப் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நிற்கவும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எலிவேட்டர் குச்சியை நம்மை நோக்கி இழுத்தால் வால் மடிப்பு மேலே எழ வேண்டும். ரட்டரை வலப்பக்கம் கொடுத்தால் அதுவும் வலப்பக்கமே திரும்ப வேண்டும். "அசைகிறது" என்பது விடையல்ல. "வலது மேலே" என்பதே விடை.

7. தூரச் சோதனை. டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்திச் சோதனை நிலையில் வைத்து முப்பது தப்படி நடந்து சென்று, எல்லாம் கீழ்ப்படிகிறதா என்று பார்க்கவும். இன்னொருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

8. தொடர்பு அறுந்தால். விமானத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கச் செய்து, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைக்கவும். மோட்டார் தானே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவரின் அமைப்பைச் சரிசெய்யாமல் பறக்கவிடக் கூடாது.

9. காற்று. ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி நட்டுவைத்தால் போதும். காற்றை எதிர்த்தே கிளம்ப வேண்டும், காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும்.

10. மனிதர்கள். தளத்திலும் அதற்கு அப்பாலும் யாராவது இருக்கிறார்களா? மரத்தடி, கரை, பக்கத்து நிலக்கடலைக் கொல்லை எல்லாம் பார்த்த பிறகே கடைசி அனுமதி.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

பட்டியல் சட்டைப் பையில் இருந்தால் மட்டும் போதாது. ரயில் இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் சிக்னலைப் பார்த்து ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வார்கள். ஜப்பானிய ரயில்வேயில் கையால் சுட்டிக் காட்டியும் சொல்வார்கள். அப்படிச் செய்வதால் என்ன பயன் என்று 1994இல் அங்குள்ள ரயில்வே ஆராய்ச்சி நிலையம் சோதித்தபோது, 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது. காசு செலவில்லாத கருவி நம் வாய்தான்.

என் வீட்டில் பேத்தி பட்டியலைப் படிப்பாள். நான் தொட்டுப் பார்த்து விடை சொல்வேன். எங்களுக்குள் இரண்டு விதிகள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். "வேண்டாம்" என்று அவள் சொன்னால், நான் எவ்வளவு பெரிய இன்ஜினியராக இருந்தாலும் அன்று விமானம் பறக்காது.

சென்ற கோடையில் வேலூரிலிருந்து உறவினர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். விமானம் பார்க்கவென்றே எல்லோரும் செருவுக்கு வந்து வெயிலில் நின்றார்கள். எட்டாம் எண்ணில் டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் மோட்டார் நிற்கவில்லை. ரிசீவரை மாற்றியபோது அந்த அமைப்பை நான் மீண்டும் பதியவில்லை. சரிசெய்யும் குறிப்புப் புத்தகமோ வீட்டில். காற்று அருமையாக இருந்தது. "ஒரே ஒரு சுற்றுதானே, தொடர்பு அறுந்தால்தானே ஆபத்து" என்று என் வாய் வரை வந்துவிட்டது. பேத்தி அட்டையை மடித்து, "தாத்தா, எட்டு சரியில்லை, வேண்டாம்" என்றாள். உறவினர்கள் முகம் வாடியது. எனக்கும் மனசில்லைதான். ஆனாலும் விமானத்தை வண்டியில் ஏற்றினேன். அன்று எல்லோரும் மாம்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஸ்ரீஹரிகோட்டாக் கதையைப் படித்திராவிட்டால் நான் பறக்கவிட்டிருப்பேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

ரேடியோ விமானங்களும் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளுக்கு உட்பட்டவையே. பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள் இயக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் வான்வெளி வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மண்டலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. பச்சை மண்டலத்தில் பொதுவாக 120 மீட்டர் உயரம் வரைதான். ரேணிகுண்டா விமான நிலையத்தை அடுத்துள்ள ஊர்களில் வசிப்போர் வரைபடத்தைப் பாராமல் எதையும் பறக்கவிட வேண்டாம். திருமலைப் பக்கம் அந்த நினைப்பே வேண்டாம். புது இடத்துக்குப் போனால் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஆக, பெற்றோர்களின் கேள்விக்கு என் பதில் இது: ஆபத்து உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி வானத்தில் இல்லை. தரையில், கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் இருக்கிறது. அதை நம்மால் கையாள முடியும். பிள்ளைகளின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகக் கற்றுத் தருகிறேன். விருப்பமுள்ள சிறுவர் சிறுமியர் கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெற்றோருடன் வரலாம். முதல் இரண்டு வாரம் யாரும் குச்சியைத் தொட முடியாது. பட்டியலைப் படிக்கும் வேலை மட்டும்தான்.

பத்தாம் எண்ணுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறான். அந்த ஆடு மேய்க்கும் பையன்தான். கரைமேல் நின்று சுற்றிலும் பார்த்து, "எவரூ லேரு, தாத்தா!" என்று அவன் குரல் கொடுத்த பிறகே எங்கள் விமானம் நகரும்.